பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த எண்

நான் பார்த்து எழுதினேன். அளக்கவில்லை… பார்த்து எழுதினேன்.

பரீட்சையில் பக்கத்து இருக்கைக்காரியின் தாளை எட்டிப் பார்த்து எழுதுவார்களே, அதே வேலைதான். ஆனால் நான் எழுதியது விடைத்தாள் அல்ல. ஒரு பெண்ணின் வலது கண். அவள் பெயர் ஸ்டெல்லா. பாலவாக்கத்துப் பெண்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என்னை வேலையை விட்டு அனுப்ப உங்களால் முடியாது, என் முகத்தில் காறித் துப்பவும் முடியாது. கோழை தனக்கு வசதியான இடம் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் கண்களைப் படமெடுத்து அளக்கும் வேலை எனக்கு. நீங்கள்கூட எங்காவது ஓர் இருட்டறையில், ஒரு கருவியின் முன் உட்கார்ந்து, தாடையை அதன் கிண்ணத்தில் பதித்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, “இமைக்காதீங்க, பச்சை வெளிச்சத்தையே பாருங்க” என்ற குரலைக் கேட்டிருக்கலாம். அந்தக் குரல் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் என்ன செய்கிறாள் என்று உங்களால் பார்க்க முடியாது. முடியாது என்பதால்தான் நான் இத்தனை நாள் தப்பித்தேன்.

என்ன செய்தேன் என்று புரிய வேண்டுமானால், அந்த அளவு என்ன அளவு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

கண்ணாடி போட்டும் தீராத அளவுக்குப் பவர் கூடிப்போனவர்களுக்கு, கண்ணுக்குள்ளேயே மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்துவார்கள். பிறவியிலேயே உள்ளே இருக்கும் லென்ஸை எடுப்பதில்லை. அதற்கு முன்னால் இதை வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தாக வேண்டும். அது குறைந்தால் புதிய லென்ஸ் பழையதை உரசும். உரசிக்கொண்டே இருந்தால் பழையது மெல்ல வெளுத்து, புரை விழுந்துவிடும்.

அந்த இடைவெளியை அளப்பதுதான் எங்கள் வேலை. கண்ணைக் குறுக்கே அறுத்துக் காட்டுவதுபோல் கருவி ஒரு படம் காட்டும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிப்பது என்று குறி வைப்பது கருவி அல்ல, மவுஸைப் பிடித்திருக்கும் கை. குறி நூலிழை மேலே போனால் ஓர் எண் வரும், கீழே வந்தால் வேறு எண் வரும்.

ஆகவே எங்கள் டாக்டர் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். ஒரே கண்ணை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் டாக்டரே வந்து உட்கார்ந்து அளப்பார். நல்ல வழக்கம்தானே! ஆனால் கருவிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நோயாளியின் பெயரைத் திறந்தவுடன், கடைசியாக எடுத்த அளவைத் திரையின் மூலையில் காட்டிவிடும். அதை மறைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. டாக்டர் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து அந்த மூலையில் ஒட்டினார்.

“அவ்ளோதான், டெக்னாலஜி!” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அளக்கும் இருவரில் ஒருத்தி நான். மற்றவர் வைதேகி அக்கா, எப்போதும் முதலில் அளப்பவர் அவர்தான். மாட வீதியைவிட்டு வெளியே குடியிருந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கு முன்பே நெடுங்காலமாக அங்கே இருந்தவர். அவர் குறி வைப்பதைப் பார்த்தால் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் இருக்கும். யோசிக்கவே மாட்டார்.

நான் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே இருப்பேன். கையில் டிக்கெட் இருந்தாலும், கண்டக்டர் முறைத்துப் பார்த்தால் பயப்படுகிற பிறவி நான்! ஆரம்பத்தில் என் அளவு வைதேகி அக்காவின் அளவோடு அடிக்கடி ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் காலை எல்லோரும் இருக்கும்போது டாக்டர் சொன்னார்.

“உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் அளவு சரியில்ல.”

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மதியம் வைதேகி அக்கா என் தோளைத் தட்டினார். “வந்துடும்டி கலை, கை படியணும், அவ்வளவுதான். பயந்துண்டே மவுஸைப் பிடிக்காதே” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ரோஷம் வந்திருக்கும். ஆறுதல் சொன்னதால் அவமானம்தான் வந்தது.

அந்த வாரம்தான் முதல் தடவையாகப் பிளாஸ்திரியை நகத்தால் தூக்கிப் பார்த்தேன்.

முதலில், நான் அளந்து முடித்த பிறகுதான் பார்த்தேன். ‘சரிபார்க்கிறேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வித்தியாசம் இருந்தால் என் குறியைக் கொஞ்சம் நகர்த்தினேன். கொஞ்சம்தான்… அக்காவின் கை தேர்ந்த கை, அதன் பக்கம் நகர்வது சரியின் பக்கம் நகர்வதுதானே? இதில் என்ன தப்பு? இப்படிக் கேட்டுக்கொண்டேன். கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது, தீர்ப்பு எப்போதும் எனக்குச் சாதகமாகவே வந்தது.

பிறகு, அளப்பதற்கு முன்பே பார்க்க ஆரம்பித்தேன்.

எண்ணைப் பார்த்துவிட்டுக் குறியை வைக்கும்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா! கோடு எங்கே என்று தேடவே வேண்டாம். எண் வரும்வரை நகர்த்தினால் போதும். அச்சாக அதே எண் வந்தால் சந்தேகம் வருமென்று கடைசி இலக்கத்தை மட்டும் சற்று மாற்றிவைப்பேன். ஆம், அந்த அளவுக்குக் கெட்டிக்காரியாகியிருந்தேன். தூக்கித் தூக்கிப் பிளாஸ்திரியின் பசை போனபோது, புதுத் துண்டு கிழித்து ஒட்டியதும் நான்தான். அதைப் பார்த்துவிட்டு, “பொறுப்பான பொண்ணு” என்றார் டாக்டர்.

எங்கள் இருவர் அளவும் அற்புதமாக ஒத்துப்போனது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், எங்கள் இடத்தில் யார் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும் என்று படம் போட்டுக் காட்டிவிட்டு வந்தார். எங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் தின்றேன். என் தொண்டையில் அது அடைக்கவெல்லாம் இல்லை, ருசியாகவே இருந்தது.

இப்போது ஸ்டெல்லாவுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது அவளிடம் வரப் பயந்துதான்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைக்கு ஏற்ற பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி. கடையில் ‘சோடாபுட்டி’ என்றால்தான் அவளைத் தெரியும். அவள் அம்மா லூர்தம்மாள் கடற்கரையில் மீன் விற்கிறார். லென்ஸ் வைத்து ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் பரிசோதனைக்கு வந்தார்கள்.

“கண்ணாடி இல்லாம பாத்தா எனக்கே இவ யார்னு தெரிலம்மா. வேற யாரோ பொண்ணு வூட்டுக்குள்ள பூந்துக்கினு சோறு கேக்குற மாதிரி கீது!” என்றார் லூர்தம்மாள்.

ஸ்டெல்லா ஜன்னலருகே போய் நின்றாள். “அக்கா, எதிர் மாடியில துணி காயுது பாரு. அதுல போட்ட கிளிப்பு இன்னா இன்னா கலர்னு சொல்லட்டா?” என்று கேட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கே அந்தக் கிளிப்புகள் சரியாகத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று நவராத்திரி. வைதேகி அக்கா முதலில் அளந்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டார். “ஆத்துல கொலுவுக்கு மனுஷா வந்துண்டே இருப்பா. நான் கிளம்பறேன். ரெண்டு கண்ணையும் அளந்துட்டேன், உன்னோடதை நீ பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடது கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல இடைவெளி. வலது கண்ணின் படம் திரையில் வந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இடைவெளி மிகவும் குறைவு. புதிய லென்ஸின் கோடும் பழைய லென்ஸின் கோடும் நடுவில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தன.

பிளாஸ்திரியைத் தூக்கினேன். அங்கே இருந்த எண் பயப்படத் தேவையில்லாத எண்!

 மறுபடி படத்தைப் பார்த்தேன். புதிய லென்ஸுக்கு இரண்டு கோடுகள் உண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்திலிருந்துதான் இடைவெளியை அளக்க வேண்டும். அவசரத்தில் அக்கா முன்பக்கக் கோட்டில் குறி வைத்திருக்கிறார். லென்ஸின் கனமும் சேர்ந்து இடைவெளி என்று வந்துவிட்டது. அந்தக் கை, ஒருநாளும் தவறாத அந்தக் கை, தவறியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது!

நான் செய்ய வேண்டியது என்ன? ஒன்றுமே இல்லை. நான் கண்டதை அப்படியே எழுதினால் போதும். இரண்டு அளவும் ஒத்துப்போயிருக்காது. டாக்டர் வந்து உட்கார்ந்து அளந்திருப்பார், உரசத் தொடங்கும் முன்பே அந்த லென்ஸை வேறு அளவில் மாற்றியிருப்பார். யாரையும் குறை சொல்லத் தேவையில்லை, எதையும் விளக்கத் தேவையில்லை. அந்த வழக்கமே இப்படிப்பட்ட ஒரு நாளுக்காக ஏற்படுத்தியதுதானே!

ஆனால் எனக்கு அந்தக் காலை நேரம் ஞாபகம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்த அந்தப் பார்வை. இத்தனை மாதம் ஒத்துப்போய்விட்டு இன்று மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால்? பழைய அளவுகளை எல்லாம் தோண்டினால்? ஒரு வேளை நான்தான் படத்தைத் தப்பாகப் பார்க்கிறேனோ… அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது…

என் கண்ணை நானே நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அது பொய். நம்பினேன். நம்பியும் குறியை மேலே நகர்த்தினேன். முன்பக்கக் கோட்டுக்கு, ஒரு நூலிழை… அவ்வளவுதான். எண் வந்தது.

டாக்டர் தன் அறையில், வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும் கருவியில் ஸ்டெல்லாவின் வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

“கொஞ்சம் ஒட்டினாப்பல தெரியுதே…” என்று முணுமுணுத்தார்.

அளவுத் தாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். அவர் திரும்பி அளவுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கலை, ரெண்டு பேரும் தனித்தனியாதானே அளந்தீங்க?”

“ஆமா சார்.”

இரண்டே வார்த்தை. நான் இந்த உலகத்தில் பேசியவற்றில் மிகவும் அசிங்கமான இரண்டு வார்த்தைகள் இவைதான்.

“அப்ப என் கண்ணுக்குத்தான் வயசாயிடுச்சு” என்று சிரித்தார் டாக்டர். ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பினார். அவள் வாசல்வரை போய், திரும்பி வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனாள்.

நாளை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு, ராயப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தனை வார்த்தையும் போய்விட்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு ‘இப்போது போய்ச் சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்பார்களே’ என்ற புதுப் பயம் வந்து பழைய பயத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு மருத்துவமனையில் போன் அடித்தாலே, எடுத்தவர் யார் பெயரைச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். மீன்காரி யாராவது தெருவில் குரல் கொடுத்தால் லூர்தம்மாள்தான் தேடி வந்துவிட்டாரோ என்று பார்ப்பேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்… ஸ்டெல்லா ஒருத்திதானா? நான் எண்ணைப் பார்த்து எழுதிய அத்தனை கண்களில் இன்னும் எத்தனையில் அக்காவின் கை அவசரப்பட்டதோ! எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் நான் உண்மையில் ஒரு கண்ணைக்கூட அளக்கவில்லை.

தை மாதத்தில் வைதேகி அக்கா வேலையை விட்டார். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னார். போகும்போது என் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

“உன் கையும் என் கையும் ஒரே கைடி. இனிமே நீ பாத்துப்பே” என்றார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

டாக்டர் வேறு ஆள் போடவில்லை. இவ்வளவு ஒத்துப்போகிற இடத்தில் இரண்டு பேர் எதற்கு, கலை ஒருத்தியே போதும் என்றார். பிளாஸ்திரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. நானே அதை உரித்துப் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது. ஒரு கண்ணை அளந்தேன், ஓர் எண் வந்தது. சந்தேகத்தில் மறுபடி அளந்தேன், வேறு எண். இன்னொரு தடவை, இன்னொரு எண். பிடித்துக்கொள்ள ஓர் எண் முன்னால் இல்லாமல் என் கைக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்தாவது முன்பு அளந்தேனே, அந்தப் பழைய நான்கூட இப்போது என்னிடம் இல்லை. மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் தலையாட்டினார்.

ஆடி மாதம் என் சித்தி புடவை எடுக்க தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போனார். எந்தக் கடை என்று தெரிந்ததும் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், அவர் விடவில்லை. தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டு மேலே போனால், பிளவுஸ் துணிப் பிரிவில் ஸ்டெல்லா!

“அக்கா!” என்று அவ்வளவு பேருக்கு நடுவில் கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், “எனக்குக் கண்ணு பாத்தவங்க இவங்கதான்” என்றாள்.

சித்தியின் புடவை மாம்பழ மஞ்சள். ஸ்டெல்லா துணிக்கட்டிலிருந்து ஒன்றை உருவிப் புடவையின் மேல் வைத்தாள். அது மஞ்சள் இல்லை, வெளிறிய சந்தன நிறம். சித்தி என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் வந்து, “இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டியா?” என்று அதட்டிவிட்டு வேறு துணியை எடுத்துப் போட்டார்.

ஸ்டெல்லா நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “கொஞ்ச நாளா இந்தப் பக்கம் ஒரு மாதிரி மங்கலா கீதுக்கா” என்று வலது கண்ணைக் காட்டினாள். “டியூப்லைட் வெளிச்சத்துல கூசுது. துணித் தூசுதானே, அதான் போல?”

கேட்டீர்களா? அவளே என்னிடம் கேட்டாள். ‘நாளைக்கே வா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல என்ன தடை இருந்தது?

“தூசாத்தான் இருக்கும். செக்கப்புக்கு வருவேல்ல, அப்பப் பாத்துக்கலாம்” என்றேன்.

அன்று அளவறையில் செய்தது பயத்தில் செய்தது என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது? அவள் வரும் நாளைத் தள்ளிப்போட்டேன். அவள் வராத ஒவ்வொரு நாளும் எனக்கு லாபம் என்று நினைத்தேன். அவளுக்கு அது என்ன நாள் என்று நினைக்கவே இல்லை.

வருடம் முடிந்து அவர்கள் வந்தார்கள். வலது கண்ணின் படத்தை எடுத்தேன். இடைவெளியே இல்லை. அதற்குப் பின்னால், பழைய லென்ஸில் வெள்ளையாக ஒரு திட்டு. இதை அளக்க எந்தக் கையும் வேண்டியதில்லை.

டாக்டர் பார்த்தார். 

“போன வருஷம் நல்லா இருந்ததே…” என்றார். “பழைய படத்தை ஒரு தரம் எடுத்துப் பாத்துடலாமா?”

நான் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டேன். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன், நம்புவீர்களா? யாராவது கண்டுபிடித்துவிட்டால், நான் சொல்ல வேண்டிய அவசியம் இராதே!

அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “வேணாம். அது ரெண்டு பேர் அளந்தது. அதுல தப்பு வராது. லென்ஸ் இடம் மாறியிருக்கணும்.” ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பி, “கண்ணைக் கசக்குவீங்களா?” என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் லூர்தம்மாள் குரல் எழுந்தது. “கசக்காத கசக்காதன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன் நைனா! தூக்கத்துல கசக்கிக்கினே கீறா. கேட்டாளா? இப்ப பாரு… இப்ப பாருடி!” என்று மகளின் முதுகில் ஓர் அடி வைத்தார். அடித்த கையாலேயே அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். வைத்த லென்ஸை எடுத்துவிட்டுப் புரைக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். பார்வை வரும். ஆனால் கிட்டத்தில் பார்க்க இந்த வயதிலேயே அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். வெளிச்சம் கூசலாம். இடது கண் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மாதாமாதம் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் துப்பட்டாவின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மன்னிச்சிக்கோக்கா. நீங்கள்லாம் கரீட்டாத்தான் பாத்து அனுப்புனீங்க. நான்தான் கெடுத்துக்கினேன்” என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காலில் விழுந்திருப்பீர்களா? உள்ளே ஓடிப்போய் டாக்டரிடம் கதறியிருப்பீர்களா? நான், “பரவால்ல, விடு” என்றேன். அவளை மன்னித்தேன்! அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் என் நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருக்கிறது.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடது கண்ணை அளக்க நேற்று வந்திருந்தாள். பெயரைத் திறந்தேன், உட்காரச் சொன்னேன். கருவியின் பிடியைப் பற்ற அவள் கைகளை நீட்டினாள். இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிவரக் கன்றிப்போன தழும்பு. சில இடங்களில் தோல் உரிந்திருந்தது.

“என்ன இது?”

“அது ஒண்ணும் இல்லக்கா. தூக்கத்துல கை கண்ணாண்ட போவுதுல்ல… அதான் டெய்லி படுக்கும்போது அம்மாவக் கட்டிவுடச் சொல்லிட்டேன். கட்டில் கம்பியில, பழைய பொடவையால. முதல்ல தூக்கமே வரல, இப்ப பழகிப்போச்சு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வந்தவள்போல் ஆசையோடு கேட்டாள். “ஒரு நாள்கூட கசக்கலக்கா, சத்தியமா. இந்தக் கண்ணு நல்லாத்தானே இருக்கும்?”

அவள் கசக்கியதால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கட்டாதே என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

“தாடைய வைம்மா” என்றேன். வைத்தாள். “இமைக்காம பச்சையப் பாரு” என்றேன். பார்த்தாள்.